தம்பியின் சக்கர நாற்காலிக்கு விலைப்புள்ளி கேட்டபோது

முதுகுத்தண்டில் அடிபட்ட என் தம்பிக்கு மோட்டார் சக்கர நாற்காலி வாங்க, சிங்கப்பூரில் உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி இனேபல் அமைப்பு நிர்வகிக்கும் உதவித் தொழில்நுட்ப நிதிக்கு விண்ணப்பித்தோம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கருவியின் விலையில் 90 விழுக்காடு வரை அந்நிதி ஏற்கிறது. ஒருவருக்கு வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. அந்த வரம்பை மனத்தில் வைத்தால், இன்று விலைப்புள்ளியில் மிகையாக எழுதப்படும் ஒவ்வொரு வெள்ளியும் நாளை அவனுக்குத் தேவைப்படும் இன்னொரு கருவியிலிருந்து எடுக்கப்படுவதே என்பது புரியும்.

தேவையை மதிப்பிட்ட தொழில்வழிச் சிகிச்சையாளர் இருக்கையின் அகலம், முதுகுத் தாங்கியின் உயரம், படுக்கைப்புண் வராமல் காக்கும் மெத்தை ஆகியவற்றை எழுதித் தந்த பிறகே கடைகளை அணுகினோம். அவ்வாறிருந்தும் முதலில் வந்த இரு விலைப்புள்ளிகளை ஒப்பிடவே முடியவில்லை. குறைந்த விலை சொன்ன கடை மெத்தையைச் சேர்க்கவில்லை. 9 விழுக்காடு பொருள் சேவை வரி அடக்கமா என்பதையும் குறிப்பிடவில்லை. மின்கலத்துக்கான உத்தரவாதம் இரண்டிலுமே இல்லை. ஆகவே ஒரே பட்டியலை இரு கடைகளுக்கும் அனுப்பி, ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனி விலை, வீட்டில் கொண்டுவந்து பொருத்தும் கட்டணம், விலை செல்லுபடியாகும் கடைசி நாள் ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெற்றோம்.

இதற்கிடையே லெங்கோக் பாருவில் உடற்குறையுள்ளோருக்காக அமைந்த இனேபலிங் வில்லேஜ் வளாகத்தில் கருவிகளை நேரில் பார்த்தது பெரிதும் உதவியது. ஒப்புதல் வரும்வரை முன்பணம் எதுவும் கட்டவில்லை.