பால்காரனுக்குப் பால் ஆகாது

என் மகனின் ஆறாவது பிறந்தநாளுக்கு யார் யாரை அழைப்பது என்று அவனையே சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டு, ஒவ்வொரு பெற்றோரிடமும் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத உணவு ஏதும் உண்டா என்று கேட்டேன். வந்த பதில்களை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துப் பார்த்தபோது, விருந்தில் மிஞ்சப்போவது தண்ணீரும் பலூனும்தான் என்று தோன்றியது. ஒரு பையனுக்குப் பால் ஆகாது. தயிர், வெண்ணெய், நெய், பனீர் என்று அதன் வம்சமே ஆகாது. ஒரு சிறுமிக்கு முட்டை ஆகாது. வேறொரு பையனுக்கு நிலக்கடலையும் முந்திரியும் விலக்கு. இன்னொரு சிறுமிக்கு சீலியாக் நோய். மருத்துவக் கணக்கில் அது ஒவ்வாமை ஆகாது என்றாலும், கோதுமை, மைதா, ரவை எதையும் அவள் தொடக் கூடாது என்பதில் மாற்றமில்லை.

சாத்தூரிலிருந்து ஒரு வாரம் முன்னதாகவே வந்திருந்த என் மாமியார், இக்காலத்துப் பிள்ளைகளின் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று கூறி, நால்வருக்கும் பால்காரன், முட்டைக்காரி, கடலைக்காரன், கோதுமைக்காரி என்று பட்டம் சூட்டினார். எதைத் தொடவே கூடாதோ அதுவே பெயராகிப்போனதில் அவருக்கு எந்த உறுத்தலும் இல்லை. சில நாட்களில் நாங்களும் அப்படியே பேசப் பழகிவிட்டோம்.

தெருமுனை பேக்கரியில் விசாரித்தபோது, “எக்லெஸ் கேக் இருக்கு மேடம், எல்லாரும் சாப்பிடலாம்” என்று பெருமையாகச் சொன்னார்கள். முட்டைக்குப் பதிலாக என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கண்டென்ஸ்டு மில்க்கும் தயிரும் என்று பதில் வந்தது. முட்டைக்காரியைக் காப்பாற்றுவதற்காகப் பால்காரனைப் பலி கொடுக்கும் அந்த ஏற்பாட்டில், அடிப்படை மாவு மைதா என்பதால் கோதுமைக்காரிக்கும் இடமில்லை. லிஃப்டில் சந்தித்த ஒருவர் லாக்டோஸ் நீக்கிய பால் கிடைக்கிறதே என்றார். அதில் பாலின் சர்க்கரையைத்தான் மாற்றுகிறார்கள், இந்தப் பையனுக்கு ஆகாத புரதம் அப்படியே இருக்கிறது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் இறங்கவேண்டிய தளம் வந்துவிட்டது. ஆட்டுப்பாலைப் பரிந்துரைத்தவர்களும் உண்டு. பசும்பால் ஆகாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது என்பதைக் கேட்டு, காந்தியடிகளே குடித்தாரே என்று அவர்கள் சற்று வருத்தப்பட்டார்கள்.

இதற்கிடையில் உறவினர்கள் வரத் தொடங்கினார்கள். தென்மாவட்டத்து உறவினர்கள் வெறுங்கையோடு வருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பொதிகை எக்ஸ்பிரஸில் வந்த பெரியப்பா, 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை இரண்டு கிலோ கொண்டுவந்தார். பால்காரன் கணக்கு முடிந்தது. முத்துநகர் எக்ஸ்பிரஸில் கோவில்பட்டிச் சித்தி ஒரு பெட்டிக் கடலைமிட்டாயுடன் வந்து சேர்ந்தார்; அதற்கு 2020 இல் குறியீடு கிடைத்திருக்கிறது என்பதால், கடலைக்காரனுக்கு ஆகாதது என்னவோ அரசாங்க முத்திரை பெற்ற சரக்குதான். அதே ரயிலில் தூத்துக்குடி அத்தான் கொண்டுவந்த மக்ரூன், முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்தது என்பதால் ஒரே அடியில் இருவரை வீழ்த்தியது. திருநெல்வேலி அல்வாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் ஊற்றிக் கிளறி, போதாததற்கு முந்திரியும் போட்டிருந்தார்கள். நான்கு பிள்ளைகளையும் மனத்தில் வைத்துத் திட்டமிட்டுக் கடைக்குப் போயிருந்தால்கூட இவ்வளவு துல்லியமாக வாங்கியிருக்க முடியாது. அனைத்தையும் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினேன். மாமியார் கொண்டுவந்த சாத்தூர்ச் சேவு மட்டும் தப்பிக்கும் என்று நம்பியிருந்தார். அது செக்குக் கடலை எண்ணெயில் பொரித்தது, செக்கெண்ணெயில் கடலையின் புரதம் தங்கும் என்று சொன்னதும் அதுவும் பரணுக்குப் போயிற்று. மாமியார் அன்று மாலை வரை என்னுடன் பேசவில்லை.

கடையில் வாங்கக் கூடியது எதுவும் இல்லை என்றான பிறகு, பொட்டலங்களின் முதுகைப் படிப்பதே என் வேலையாயிற்று. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 ஆம் ஆண்டு விதிமுறைப்படி, பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா உள்ளிட்ட எட்டு வகைப் பொருட்கள் கலந்திருந்தால் அதைப் பொட்டலத்தின் மேல் தனியே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கிறார்கள்தான், கடுகை விடச் சிறிய எழுத்தில், மடிப்புக்கு உள்ளே. அப்படித் தேடியதில் கிடைத்த பெரிய அதிர்ச்சி பெருங்காயம். கூட்டுப் பெருங்காயத்தில் மாவும் கோந்தும்தான் அதிகம், அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா என்பதை, இத்தனை ஆண்டுகள் சாம்பாரில் கொட்டியும் நான் அறிந்ததில்லை. முறுக்கில் பெருங்காயம் இல்லாவிட்டால் அது முறுக்கே அல்ல என்பது மாமியாரின் கட்சி. கடைசியில் ஓமமும் சீரகமும் போட்டு, வெண்ணெய்க்குப் பதிலாகச் சூடான தேங்காயெண்ணெய் விட்டுப் பிசைந்து, புதிதாக வாங்கிய அச்சில் பிழிந்து எடுத்தோம். முதல் ஈடு வெந்து வந்ததும் ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்ட மாமியார் ஒன்றும் சொல்லாமல் இன்னொன்றை எடுத்தார்.

இனிப்புக்குப் பொரி உருண்டை என்று முடிவு செய்ததும் அவர்தான். அரிசிப் பொரி, வெல்லம், ஏலக்காய், சுக்கு, தேங்காய்ப் பல் என்று அதில் நால்வரையும் சீண்டக் கூடிய பொருள் ஒன்றும் இல்லை. ஆனால் பொரி எங்கே வாங்குவது என்பதில் சிக்கல் வந்தது. பொரிக்கடையில் அதே சட்டியில்தான் நிலக்கடலையும் வறுக்கிறார்கள், அதே படியால்தான் அளக்கிறார்கள். தனியே அடைத்த பொட்டலமாகத் தேடிப்பிடித்து, அதன் முதுகையும் படித்த பிறகே வாங்கினேன். பாகு காய்ச்சும்போது மாமியார் அடுப்பை விட்டு நகரவில்லை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் திரட்டி, எவர்சில்வர் தட்டில் எறிந்து, ‘டங்’ என்று கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்தார். முதலில் ‘டொக்’ என்றது, பிறகு ‘டிக்’ என்றது. ‘டங்’ வந்ததும் அடுப்பை அணைத்துப் பொரியைக் கொட்டிக் கிளறி, கொதிக்கக் கொதிக்க அள்ளிய அந்தக் கணத்தில் அவருடைய இடக்கை, ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில், தானாகவே நெய்க் கிண்ணத்தைத் தேடியது. நல்லவேளையாக நெய்யும் பரணில் இருந்தது.

“ஒரு சொட்டு நெய் என்ன பண்ணிரும்? கையில தடவத்தானே?” என்று அவர் கேட்டதற்கு, முந்தின நாள் பால்காரனின் தாய் கொடுத்துவிட்டுப் போன சிறு பையைத் திறந்து காட்டினேன். உடல் தடித்தால் கொடுக்க வேண்டிய மருந்து, உதடு வீங்கி மூச்சு இரைத்தால் போட வேண்டிய ஊசி, எந்த மருத்துவமனைக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று எழுதிய தாள் எல்லாம் அதில் இருந்தன. மாமியார் அந்தத் தாளை முழுவதும் படித்தார். பிறகு அரிசி மாவைக் கையில் பூசிக்கொண்டு உருண்டை பிடித்தார். அதன் பின் அந்தச் சமையலறைக்குள் நுழைந்தவர் ஒவ்வொருவரும் என்ன சாப்பிட்டுவிட்டு வந்தீர்கள் என்ற விசாரணைக்கு உட்பட்டே நுழைய முடிந்தது. காப்பி குடித்திருந்த என் கணவர் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்.

மகனோ கேக் இல்லாமல் பிறந்தநாள் இல்லை என்று அழுதான். அரிசி மாவு, தேங்காய்ப் பால், மசித்த வாழைப்பழம், வெல்லம் ஆகியவற்றைக் கலந்து, கடைசியில் சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்து, நுரை அடங்குவதற்குள் ஓட்டத்தோடு ஓவனில் வைத்தேன். மைதாவின் பிடிப்பு இல்லாததால் மேற்பரப்பு வெடித்து வந்தது. குளிரவைத்த தேங்காய்ப் பாலில் சர்க்கரை அடித்துப் பீட்ரூட் சாற்றில் நிறமூட்டிப் பூசினேன். ஃபிரிட்ஜுக்கு வெளியே சென்னை மே மாதம் என்பதால், மெழுகுவர்த்தி ஏற்றுவதற்குள் இளஞ்சிவப்புப் பூச்சு முழுவதும் தட்டில் இறங்கிக் குளமாக நின்றது. வட்டமாக வைத்த புட்டு போல இருக்கிறது என்று கோவில்பட்டிச் சித்தி சொன்னார். அது உண்மைதான், ஆனால் பிள்ளைகள் அந்தக் குளத்தில் விரலை நனைத்து நக்குவதில் காட்டிய ஆர்வத்தைக் கேக்கின் மேல் பூசியிருந்தால் காட்டியிருக்க மாட்டார்கள்.

எங்கே போனாலும் தன் டப்பாவிலிருந்தே சாப்பிடும் பால்காரன் அன்று எல்லாவற்றையும் தின்றான். அவனுக்காகக் கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தை அவன் தாய் ஓரமாக அமர்ந்து சாப்பிட்டு முடித்தார்.

இந்தச் சமயத்தில்தான் தந்தையர் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். தண்ணீர் மோட்டாரைப் பார்க்கப் போவதாக ஒருவர், போன் பேசப் போவதாக ஒருவர் என மொட்டைமாடிக்கு ஏறினர். பெரியப்பா பரண் மூட்டையை எப்போது இறக்கினார் என்று தெரியவில்லை. மாடியில் பந்தியே நடந்திருக்கிறது. இதை மோப்பம் பிடித்த மாமியார், சோப்பும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு படிக்கட்டின் அடியில் நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டார். சானிடைசர் தடவிக்கொண்டேன் என்று ஒருவர் வாதிட்டுப் பார்த்தார். அதற்குக் கிருமிதான் சாகும், பால்கோவா சாகாது என்று திருப்பி அனுப்பப்பட்டார்.

கடைசியாக இறங்கியவர் பால்காரனின் தந்தை. வீட்டில் பாலே நுழையாததால் பால்கோவாவைக் கண்ணால் கண்டு ஆறு ஆண்டுகள் ஆயிற்றாம். கையையும் வாயையும் கழுவிவிட்டார், ஆனால் சட்டைப் பையில் ஒரு விள்ளல் ஒளிந்திருந்ததை மாமியார் கண்டுபிடித்துவிட்டார். மகனைத் தூக்க வேண்டுமானால் சட்டையைக் கழற்று என்று உத்தரவாயிற்று. என் கணவரின் நீலக் கட்டம்போட்ட சட்டையை அணிந்துகொண்டு அவர் மகனோடு கிளம்பினார். அவருடைய சட்டையை நாங்கள் துவைத்துக் கொடுத்துவிட்டோம். எங்கள் சட்டைதான் இன்னும் வரவில்லை.