ஆலங்குளத்தில் வாங்கிய ஆறு குதிரை

கிணற்றில் தண்ணீர் இறைக்க ஓடிய அந்தப் பழைய டீசல் இன்ஜினின் விலை 11,000 ரூபாய். அதை மதுரைக்குக் கொண்டுவந்து இறக்க ஆன செலவு 8,200. இரண்டாவது கணக்கை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பழைய இன்ஜின் தேடி நெல்லைச் சீமைக்குப் போவது எப்படி என்று வரிசையாக எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டிருந்தார்கள். சரி, வரிசை இதுதான்: மதுரையிலிருந்து நெல்லை புது பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து தென்காசி பஸ்ஸில் ஆலங்குளம். ஆனால் நான் ஏறிய பஸ்ஸில் மட்டும் ஏறாதீர்கள். ஜன்னல் கண்ணாடி கையோடு வந்தது. போன மாதம் கழற்றிப்போய்ச் சுத்தம் செய்த அந்த இன்ஜினின் டீசல் பம்பையும், டீசலைப் பீச்சும் நாசிலையும் பழைய லுங்கியில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். கண்டக்டர் மோப்பம் பிடித்துவிட்டார். "பையில மண்ணெண்ணெயா? எறங்கும்." பிரித்துக் காட்டினேன். "இரும்பா? அப்போ லக்கேஜ்" என்று இரண்டு கிலோ இரும்புக்கு ஒரு முழு டிக்கெட் கிழித்தார். சண்டை போட்டால் பம்பை இறக்கிவிடுவாரோ என்று பயந்து கொடுத்துத் தொலைத்தேன்.

அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனம். இன்ஜினுக்கு அங்கே பெரிதாக வேலையில்லை. ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் கிணறுதான் எல்லாம். மாடு கட்டி இறைக்கும் கமலை போய் ஆயில் இன்ஜின் வந்தது. 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானதும் கரண்ட் மோட்டார் வந்தது, இன்ஜின்கள் கிணற்றுமேட்டு ரூமிலேயே உட்கார்ந்துவிட்டன. பிறகு காயலான் கடைக்காரர்கள் வந்து பெரும்பாலானவற்றை உடைத்துக் கிலோக் கணக்கில் கொண்டுபோனார்கள். நான் வாங்கிய இன்ஜினுக்கும் 9,000 பேசியிருந்தார்கள்.

பெயர்ப்பலகையைத் துணியால் தேய்த்தால் ராஜ்கோட், 6 ஹெச்.பி. (ஆறு குதிரைச் சக்தி), 650 ஆர்.பி.எம். இங்கிலாந்தின் டர்ஸ்லியில் லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டுவந்த மாடலின் இந்திய நகல். ஒற்றை சிலிண்டர், இரண்டு பக்கமும் ஃப்ளைவீல் என்கிற கனத்த சக்கரம். நிமிடத்துக்கு 650 சுற்றுதான் என்பதால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழும். இதையெல்லாம் தேய்த்துப் பளபளவென்று பச்சைப் பெயின்ட் அடித்து ரிசார்ட் வாசலில் நிறுத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஓடாத இன்ஜின் வெறும் இரும்பு.

பிஸ்டன் இறுகிப்போய்க் கிடந்ததை, போன தடவையே டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவைத்துவிட்டுப் போயிருந்தேன். இந்த முறை ஃப்ளைவீல் முழுச்சுற்று வந்தது. பம்பைப் பூட்டி, நாசில் பைப் நட்டை லேசாகத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை ஏர் எடுத்தேன். நட்டை இறுக்கி பம்ப் லீவரை அழுத்தினால் நாசில் "கிரீச்" என்றது. அந்தச் சத்தத்துக்காகத்தான் மூன்று வாரமாகத் தூக்கம் கெட்டது.

இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டில் சுவர் ஆணியில் தொங்கியது. அதை எடுத்துக் கொடுத்தார் தோட்டக்காரர். "தம்பி, பெருவிரல மடக்கிப் பிடிக்காதேயும். எத்துச்சுன்னா விரல் இருக்காது." நாலு விரலோடு சேர்த்தே பெருவிரலையும் வைத்துக்கொண்டேன். உள்ளே காற்று அழுந்தாதபடி வால்வைத் தூக்கி வைத்துச் சுற்றினேன். வீலுக்கு வேகம் பிடித்ததும் அவர் வால்வு லீவரைத் தட்டிவிட்டார். ஒரு டொப். கறுப்புப் புகை. அப்புறம் மௌனம். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவதில் டொப்... டொப்... டொப் என்று பிடித்துக்கொண்டது. பேட்டரி கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் கை நடுங்கியது. சிலிண்டரைக் குளிர்விக்கும் ஜாக்கெட்டில் குடத்துத் தண்ணீர் மட்டுமே ஊற்றியிருந்ததால் ரெண்டு நிமிஷம்தான் ஓட்டினோம்.

சத்தம் கேட்டு வீட்டு ஆச்சி வந்துவிட்டார். இறைக்கிற தண்ணீரில் கொஞ்சம் இன்ஜினைச் சுற்றி வெதுவெதுப்பாக வெளியே விழுமாம். மார்கழியில் பிள்ளைகளையெல்லாம் அதில்தான் குளிப்பாட்டினாராம். "எய்யா, சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

உளுந்தஞ்சோறு. கறுப்பு உளுந்து தோலோடு, தேங்காய்த் துருவலும் பூண்டும் போட்டுப் பொங்கியது. கூட எள்ளுத் துவையல், அவியல். துவையலில் நல்லெண்ணெய் தனியாகப் பிரிந்து நின்றது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன், வெட்கமே இல்லாமல். இதற்கு நெல்லையில் எந்த ஹோட்டலும் ஈடில்லை.

இனி குட்டியானைக்காரர் (மினி லாரி டிரைவர்) கதை. முந்நூறு கிலோவுக்குக் குறையாத சாமான். தென்னந்தடியும் கடப்பாரையும் வைத்து ஆறு பேர் ஏற்றினார்கள், கூலி 1,200. வாடகை 5,000 என்று பேசியிருந்தது. கயத்தாறு தாண்டும்போது டீ குடிக்க நிறுத்தினார். "அண்ணாச்சி, இரும்புன்னு சொல்லலையே நீங்க. 7,000 ஆகும்." ஏற்றும்போது கயிறு கட்டியதே அவர்தான்! என்னவென்று நினைத்துக் கட்டினாராம்? நடுரோட்டில் இன்ஜினோடு நின்று என்ன செய்வது. ஆகவே உங்களுக்கு ஒன்று: வாடகை பேசும்போதே சாமானைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள், மீதியை இறக்கிய பிறகு கொடுங்கள்.

இரவு பதினொரு மணிக்கு இறக்கி, தார்ப்பாய் போட்டு மூடினேன். காலையில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஓட்டிக் காட்டலாம் என்று தார்ப்பாயைத் தூக்கினால், ஹேண்டிலைக் காணோம். அது ஆலங்குளத்தில் அதே ஆணியில் தொங்குகிறது. தோட்டக்காரருக்குப் போன் செய்தேன். "பஸ்ஸுல பார்சல் போட்டு விடுதேன் தம்பி" என்றார்.

வேண்டாம் அண்ணாச்சி, நானே வருகிறேன், ஆச்சியிடம் சொல்லி வையுங்கள் என்றேன்.