ஐந்தாம் வருடத்துப் பழுப்பு

என் முதல் வேலை கோடு போடுவது. 2015இல் சேர்ந்தேன். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் வயல்களைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, ஒவ்வொரு துண்டுக்கும் எல்லை வரைந்து, மானியத்துக்குத் தகுதியான பரப்பைக் குறிக்க வேண்டும். அங்கே பணம் எக்டேர் கணக்கில். அதனால் கட்டடம், பாறை, அடர்ந்த புதர் எல்லாவற்றையும் சுற்றிக் கோடு போட்டுக் கழிப்போம். மரங்களை எண்ணுவோம்; தகுதிக்கு அப்போது எக்டேருக்கு 100 என்பது உச்சவரம்பு. பழ மரத்துக்கு விலக்கு இருந்தது. மேலிருந்து தெரிகிற பச்சைத் தலை எந்த மரம் என்று தகராறு செய்தே பல மதியங்கள் போயின.

ஒரு வருடம் பரப்பிலிருந்து கழித்த புதர்த் திட்டு அடுத்த படத்தில் இருக்காது. நான்தான் தப்பாக வரைந்துவிட்டேனோ என்று முதலில் பயந்தேன். டீம் லீட் எட்டிப் பார்த்துவிட்டு, "வெட்டிட்டாங்கப்பா, பரப்புல சேர்த்துடு" என்றார். சேர்த்தேன். அந்தப் புதரில் என்ன கூடு கட்டியிருந்தது என்று கேட்க எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

புல்வெளி விஷயம் இன்னும் விசித்திரம். அப்போதைய விதிப்படி, விதைத்த புல் ஐந்து வருடம் பயிர்ச் சுழற்சிக்குள் வராமல் கிடந்தால் அது 'நிரந்தரப் புல்வெளி' ஆகிவிடும். அப்புறம் அதை உழுது பயிர்நிலமாக்கக் கட்டுப்பாடுகள் உண்டு. மண்ணில் சேர்ந்த கரிமம் அங்கேயே இருக்கட்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் விவசாயி வேறு கணக்குப் போடுவார்: நாளைக்கு மக்காச்சோளம் போட வழி வேண்டாமா? நிலத்தின் விலையும் குறைந்துவிடுமே? ஆக, நான்கு வருடம் பச்சையாக இருந்த துண்டு, கெடு முடிவதற்குள் பழுப்பாகிவிடும். உழுததும் மண்ணில் மட்கிய பொருள் சிதைந்து கரியமில வாயுவாகப் போகும். நைட்ரேட் மழையோடு ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் இறங்கும். புல்லைக் காக்க வைத்த விதியே ஏரை இறக்கியது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் இருந்தால் நானும் உழுதிருப்பேன்.

2023இல் அயர்லாந்து விதியை மாற்றியது. துண்டில் பாதி வரை புதர், மரம், குட்டை இருந்தாலும் முழுப் பரப்புக்கும் பணம். முன்பு கழித்த இடங்களைத் திரும்பச் சேர்க்கிற வேலை எங்களிடம் வந்தது. சரி, நல்ல காரியம் என்று உற்சாகமாகத்தான் உட்கார்ந்தேன். நான் எப்போதோ வரைந்த கோடுகள் அப்படியே இருந்தன. புதிய படத்தின் மேல் வைத்துப் பார்த்தால், பல கோடுகளுக்குள்ளே வெறும் புல்தான் இருந்தது.