கேட்டது கிடைக்காதவர்களுக்கும் வேளாங்கண்ணி

வேளாங்கண்ணிக்கு வருகிற கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் ஏதோ ஒன்று கேட்க வந்திருப்பார்கள், இல்லையென்றால் கிடைத்ததற்கு நன்றி சொல்ல வந்திருப்பார்கள். மொட்டை, காதுகுத்து, வெள்ளித் தொட்டில், தென்னங்கன்று எல்லாம் அந்தக் கணக்கில்தான். மாதாவிடம் உருகி உருகிக் கேட்டும் ஆளைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் நிற்பதே பாரம். பக்கத்தில் ஒரு தாய் "என் புள்ளையக் காப்பாத்திக் குடுத்தியேம்மா" என்று அழும்போது, நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை என்று மனசு கேட்கத்தான் செய்யும். கேட்கலாம். லாசர் இறந்தபோது அவருடைய சகோதரிகள் மார்த்தாவும் மரியாவும் அதைத்தான் இயேசுவின் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் செத்திருக்க மாட்டான் என்று. இயேசு அவர்களைக் கண்டிக்கவில்லை, கூட நின்று அழுதார்.

அதனால் முதலில் நாளைப் பார்த்துப் போங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை துக்க வீட்டார் போக ஏற்ற காலமில்லை. காவி உடுத்திப் பாதயாத்திரை வருகிறவர்கள், தேர்பவனி, ஒலிபெருக்கி என்று உட்கார இடம் கிடைக்காது, அழ அதைவிட இடம் கிடைக்காது. அடுத்த வாரமே செப்டம்பர் 15, வியாகுல மாதா திருநாள். கூட்டம் வடிந்திருக்கும்; மகனைப் பறிகொடுத்த தாயாக மாதாவை நினைக்கிற நாளும் அதுதான். அதை விட்டால் சனி, ஞாயிறு இல்லாத எந்த வாரநாளும் பரவாயில்லை. நாகப்பட்டினத்திலிருந்து பேருந்தில் அரை மணி நேரப் பயணம்தான். முந்தின நாள் மாலையே போய்த் தங்கிவிட்டால் விடியற்காலையில் கோயிலுக்குள் நிம்மதியாக உட்காரலாம்.

இனி, பலர் வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிற விஷயம். "அவர் பிழைத்தால் குடும்பத்தோடு மொட்டை போடுகிறேன்" என்று நேர்ந்துகொண்டோம், அவர் பிழைக்கவில்லை. இப்போது நேர்த்திக்கடனைச் செலுத்த வேண்டுமா, விட்டால் இன்னொரு சாவு விழுமா? இந்தப் பயம் எத்தனையோ வீடுகளைத் தூங்கவிடாமல் செய்கிறது. கத்தோலிக்கத் திருஅவையின் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. எந்த நிபந்தனையின் பேரில் நேர்ந்தோமோ அது நடக்கவில்லை என்றால் நேர்ச்சையும் முடிந்துபோகிறது (சட்டம் 1194). நிபந்தனை இல்லாமல் நேர்ந்திருந்தால்கூட, அதற்கு ஈடான, அல்லது அதைவிட மேலான ஒரு நற்செயலாக நீங்களே மாற்றிக்கொள்ளலாம் (1197). தக்க காரணம் இருந்தால் உங்கள் ஊர்க் கோயிலின் பொறுப்புக் குருவான பங்குத்தந்தை அதிலிருந்து விடுவிக்கவும் முடியும். எனவே கடனைக் கட்டாததால் மாதா கோபித்துக்கொள்வாள் என்று எந்தப் பாட்டி சொன்னாலும் கேட்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்ட வெள்ளியை என்ன செய்வது என்றால், இறந்தவர் நினைவாகக் காணிக்கையில் போடலாம், விற்று ஓர் ஏழை நோயாளியின் மருந்துச் சீட்டுக்கும் கொடுக்கலாம்.

அடுத்தது பூசைக் கருத்து, அதாவது திருப்பலியை யாருக்காக, எதற்காக ஒப்புக்கொடுக்கச் சொல்கிறோம் என்பது. அலுவலகத்தில் பதியும்போது பெயரை மட்டும் சொல்லாமல் "இறந்தவர், ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உயிரோடிருப்பவருக்கான நன்றி பூசை என்று எழுதிவிட வாய்ப்புண்டு. அந்த நிமிடத்தில் அது தாங்காது. நிறைய கருத்துகள் சேரும் திருத்தலத்தில் ஒவ்வொரு பெயரையும் பீடத்தில் வாசிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. வாசிக்காததால் பூசை சேராமல் போவதில்லை. ஞாயிறும் பெருவிழாவும் என்றால் இறந்தோருக்கான தனி மன்றாட்டும் வாசகமும் இருக்காது, அன்றைய திருப்பலிதான் நடக்கும். கருத்து மட்டும் உங்கள் ஆளுக்காகப் போகும். கிரகோரியார் திருப்பலி என்கிற 30 பூசை ஒரே ஆளுக்காக 30 நாளும் விடாமல் ஒப்புக்கொடுக்கப்பட வேண்டியது. அதை ஊரில் பங்குத்தந்தையிடமே கேட்பது நல்லது. பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட, வரிசை நீளமாக இருக்கும், குருவுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். மனசில் உள்ளதை முழுக்கக் கொட்ட வேண்டுமென்றால் தனியாக நேரம் கேளுங்கள்.

பேராலயத்திலிருந்து பழைய மாதா குளம் கோயிலுக்குப் போகிற மணல் பாதையைத்தான் இந்தப் பயணத்தின் நடு என்று சொல்ல வேண்டும். வழியோரம் இயேசுவின் பாடுகளைக் காட்டும் சிலுவைப்பாதை நிலைகள், செபமாலையில் தியானிக்கிற மறையுண்மைகளின் காட்சிகள். முழங்காலில் போகிறவர்கள் ஏழு மணிக்கு முன்னால் தொடங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் மணல் சுட்டுவிடும். முழங்காலில் துணி கட்டிக்கொள்வதில் வெட்கமொன்றும் இல்லை. வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் நடந்தே போகட்டும், காலில் புண் வந்தால் ஆறாது. 14 நிலைகளையும் ஒரே மூச்சில் முடிக்கிற அவசரம் வேண்டாம். நாலாம் நிலையில் இயேசு தாயைச் சந்திக்கிறார். பதின்மூன்றாம் நிலையில் உடலை அவள் மடியில் கிடத்துகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இந்த இரண்டில் எங்காவது உட்கார்ந்துவிட்டால் கூட வந்தவர்கள் எழுப்பாதீர்கள். செபம் வாயில் வராதவர்களுக்கு "நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே" என்ற ஒரு வரி போதும்.

கடற்கரைக்குப் போகத்தான் மனசு வரும். 2004 டிசம்பர் 26 காலையில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், திருத்தலத்துக்கு வந்திருந்த நூற்றுக்கணக்கானவர்களை இந்தக் கடல்தான் கொண்டுபோனது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கோயில் தப்பியதை அற்புதம் என்கிறார்கள். ஆள் தப்பாத வீட்டாரிடம் அதைச் சொல்லும் முன் ஒருமுறை யோசிப்பது நல்லது. ஆண்டுதோறும் அந்த நாளில் நினைவுத்தூணில் செபம் நடக்கிறது. அலை இழுப்பு அதிகம், கலங்கிய மனசோடு குளிக்க இறங்காதீர்கள். தகனம் செய்தவர்கள் சாம்பலை இங்கே கரைக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. சாம்பலைக் கடலில் கரைப்பதையும் வீட்டில் வைத்துக்கொள்வதையும் 2016-இல் வத்திக்கான் விலக்கியது. கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வதே முறை.

இனி எதற்கு வாழ வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு, சிலுவையடியில் நடந்ததைத்தான் காட்ட முடியும். தான் சாகிற வேளையிலேயே இயேசு தன் தாயிடம் இன்னொருவரை மகனாக ஏற்கச் சொன்னார் (யோவான் 19:26). ஊர் திரும்பியதும் உங்கள் அன்பியத்தில், அதாவது பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக் குழுவில், சாவு விழுந்த வீடு எது என்று பாருங்கள். முதல் வாரம் எல்லோரும் வந்துவிட்டுப் போவார்கள், முப்பதாம் நாள் பூசைக்கும் வருவார்கள். அதற்குப் பிறகு எட்டிப் பார்க்க ஆளிருக்காது. நீங்கள் போக வேண்டியது அப்போதுதான். சாப்பாடு எடுத்துக்கொண்டு போங்கள், இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.