செடேஷன் பயிற்சி: படிவத்தில் விடுபட்ட ஒரு கட்டம்

பல் சிகிச்சையில் ஊசி வழியாக செடேஷன் (பதற்றம் தணிக்கும் அரைமயக்கம்) கொடுப்பதற்கான தொடர்கல்விப் பயிற்சியை ஒருவழியாக முடித்துவிட்டேன். சான்றிதழ் கைக்கு வந்தும் எரிச்சல் அடங்கவில்லை. அடுத்துச் சேருபவர்களாவது அலையாமல் இருக்கட்டும்.

அமெரிக்கப் பல் மருத்துவ சங்கத்தின் 2016 வழிகாட்டுதலை ஒட்டிய பயிற்சி. மிதமான செடேஷனுக்குக் குறைந்தது 60 மணி நேரப் பாடம், நாமே கையாண்ட 20 நோயாளிகள். பாடமும் எழுத்துத் தேர்வும் சிக்கலில்லாமல் போயின. வம்பு, ஒவ்வொரு நோயாளிக்கும் நிரப்ப வேண்டிய பதிவுப் படிவமான லாக் ஷீட்டில் ஆரம்பித்தது.

அலுவலகத்தில் தந்த படிவத்தில் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஆக்ஸிஜன், மருந்தளவு எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. வெளிமூச்சில் வரும் கார்பன் டை ஆக்ஸைடுக்கு மட்டும் இல்லை. சேர்த்து எழுதட்டுமா என்று ஆரம்பத்திலேயே கேட்டேன். "இருக்கறத மட்டும் நிரப்புங்க டாக்டர்" என்றார் கவுன்டரில் இருந்தவர். எல்லா கேஸையும் முடித்துக் கொண்டுபோய் நீட்டினால், அதே ஆள், "இது பழைய படிவமாச்சே, கார்பன் டை ஆக்ஸைடு இல்லாம ஏத்துக்க மாட்டாங்க" என்கிறார்!

காப்பாற்றியது, கார்பன் டை ஆக்ஸைடு அளவும் பதிவாகியிருந்த மானிட்டர் பிரிண்ட் அவுட். ஒவ்வொரு கேஸ் முடிந்ததும் நோயாளியின் பெயரை மறைத்து, ஜெராக்ஸ் எடுத்து, பயிற்றுநரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தேன். ஜெராக்ஸ் கட்டாயம் எடுங்கள். அந்தத் தெர்மல் தாளில் எழுத்து நாளடைவில் வெளுத்துப்போகும். கத்தையாக மேஜையில் வைத்ததும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

அலைச்சலைவிட எனக்கு ஆற்றாமை எதில் என்றால், விடுபட்டது எந்தக் கட்டம் என்பதில்தான். சிமுலேஷன் வகுப்பில் பொம்மைக்கு மூக்கு வழியாக ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தது. மிடாசோலம் என்ற மயக்க மருந்து உள்ளே போன பிறகு மூச்சு நின்றது. வெளிமூச்சின் கார்பன் டை ஆக்ஸைடை அலையாகக் காட்டும் கேப்னோகிராஃபில் அலை உடனே தட்டையாகிவிட்டது. ரத்தத்தின் ஆக்ஸிஜனைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரோ 98 சதவீதம் காட்டியபடி பீப் பீப் என்று அடித்துக்கொண்டே இருந்தது. கூடுதல் ஆக்ஸிஜன் ஓடும்போது அந்த எண் இறங்கத் தாமதமாகும். அதை நம்பி உட்கார்ந்திருந்தால் தாடையைத் தூக்கி மூச்சுப்பாதையைத் திறக்க வேண்டிய நேரம் போய்விடும்.

இன்னும் சில. பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டை ஆன்லைனில் மட்டும் படித்து வாங்கியதாக இருந்தால் பல இடங்களில் செல்லாது, நேரில் செய்துகாட்டியதற்கான சான்று கேட்பார்கள். கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கை இரண்டு பேராகப் பழகுங்கள்: ஒருவர் இரு கையாலும் மாஸ்க்கைக் கசிவில்லாமல் பிடிக்க, மற்றவர் அழுத்த வேண்டும். உங்கள் உதவியாளரையும் கூட்டிப்போக முடிந்தால் நல்லது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மிடாசோலத்தின் மயக்கத்தை முறிக்கும் ஃப்ளூமாசெனிலைக் கட்டாயம் கேட்பார்கள். அதைக் கொடுத்து நோயாளி கண் விழித்ததும் வீட்டுக்கு அனுப்பலாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மிடாசோலத்துக்கு முன்பே ஃப்ளூமாசெனிலின் வேகம் தணிந்துவிடும். மறுபடி மயக்கம் தட்டலாம். அந்த ஆபத்து நீங்கும்வரை நோயாளி கண்காணிப்பிலேயே இருக்க வேண்டும்.