பேரேட்டில் ஒட்டிய சாமிகளும் தலைவர்களும்

பழைய படம் விற்பவர்கள் கையில் ஒரு ஸ்கிராப் புக், அதாவது படங்களைச் சேர்த்து ஒட்டிய நோட்டு, கிடைத்தால், முதல் வேலையாக அதைப் பிரித்துவிடுவார்கள். ரவிவர்மா லட்சுமி தனி, பகத் சிங் தனி, தீப்பெட்டி லேபிள் தனி. அப்படி விற்றால் காசு கூட வரும். எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும்.

என்னிடம் இருப்பது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கியது. எழுதி முடித்த கணக்குப் பேரேட்டில் யாரோ படம் ஒட்டியிருக்கிறார்கள். ஓரங்களில் பற்று வரவு இன்னும் தெரிகிறது. முதலில் பிள்ளையார், வேறு யார் இருக்க முடியும்? அடுத்து தாமரையில் நிற்கும் லட்சுமி, லோனாவ்லா ரவிவர்மா அச்சகத்துப் படம். சேலைக்கு நிஜ ஜரிகைத் துணியை வெட்டி ஒட்டி, நகைகளுக்குச் சமிக்கி வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளில் சாமி படங்களுக்குச் செய்த அதே அலங்காரம். எதிர்ப்பக்கத்தில் பாரத மாதா. அவளுக்கும் சமிக்கி. இரண்டு நெற்றியிலும் குங்குமம் இட்ட தடம், விரல் ரேகையோடு. இந்தப் பக்கங்களைப் பிரித்தால், அந்த வீட்டில் இருவருக்கும் ஒரே கைதான் பொட்டு வைத்தது என்பது யாருக்குத் தெரியும்?

அப்புறம் தொப்பி வைத்த பகத் சிங். 1931 மார்ச் 23 அன்று அவரைத் தூக்கிலிட்ட பிறகு இப்படிப்பட்ட படங்கள் நிறைய அச்சாயின. பலவற்றை ஆங்கில அரசு தடை செய்தது. அவருக்குப் பக்கத்தில் வேலோடு முருகனை ஒட்டியிருக்கிறார்கள்.

காலம் கணிக்கக் கொடியைப் பாருங்கள். தேசியக் கொடியில் ராட்டை இருந்தால் பெரும்பாலும் 1947 ஜூலைக்கு முந்தைய படம். அசோகச் சக்கரம் அந்த மாதம் 22ஆம் தேதிதான் ஏற்கப்பட்டது. என் பேரேட்டின் கடைசிப் பக்கங்களில் சக்கரம் வந்துவிடுகிறது. லென்ஸ் வைத்தும் பார்க்கலாம்: கல்லில் வரைந்து அச்சடித்த பழைய கல்லச்சில் மை ஒழுங்கில்லாத பொட்டுகளாக இருக்கும், பின்னால் வந்த ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும்.

மாவுப் பசைக்கு, காகிதத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சி தேடி வரும். அதனால் ஈரம் படாத இடத்தில் படுக்கவைத்து, பக்கங்களுக்கு நடுவே அமிலமில்லாத காகிதம் வையுங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம்.

உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்து, விற்கத்தான் வேண்டும் என்றால், பிரிக்காமல் எனக்கு எழுதுங்கள். முழுதாகவே வாங்கிக்கொள்கிறேன்.