எரிந்த கட்சியா, எரியாத கட்சியா?

மயிலாடுதுறைப் பக்கம் கோயில் பார்க்கப் போகிறவர்கள் திருக்கடவூரை விடமாட்டார்கள். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம், ஆயுள் ஹோமம் என்று எந்த நாள் போனாலும் அங்கே மாலையும் கழுத்துமாக நாலைந்து ஜோடி நிற்கும். யமனை உதைத்த அந்தத் தலத்தைப் போலவே, சிவனின் வீரச் செயல்கள் நடந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டத்தில் ஒன்றுதான் கொருக்கையும், தேவாரத்தில் திருக்குறுக்கை. நீடூர் வழியாக வயல்களுக்கு நடுவில் போய்ச் சேர்ந்தோம், கோயிலில் எங்களைத் தவிர ஒருவருமில்லை. "ஆயுளைக் கூட்டிக் கொடுன்னு கேக்க ஆளு வரும்டா, ஆசையைக் குறைச்சுக் கொடுன்னு கேக்க எவன் வருவான்" என்றார் சித்தப்பா.

சிவன் மன்மதனை எரித்த இடம் இது. சுவாமி வீரட்டேசுவரர், யோகீசுவரர் என்றும் பெயர் உண்டு. அம்மன் ஞானாம்பிகை. தலமரம் கடுக்காய், அப்பர் பாடிய ஊர். காமதகன மூர்த்தி என்று தனி உற்சவர் இருக்கிறார், ஊரில் விபூதிக் குட்டை என்ற இடத்தைக் காட்டி, காமன் சாம்பலானது இங்கேதான் என்கிறார்கள்.

கந்தபுராணத்தில் இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் காமன் மேல் பாவமாக இருக்கும். சிவன் தட்சிணாமூர்த்தியாகச் சனகர் முதலான நால்வருக்குப் பேசாமலே உபதேசம் செய்துகொண்டு யோகத்தில் இருக்கிறார், இங்கே சூரபத்மனிடம் தேவர்கள் படாத பாடு படுகிறார்கள், அவனை அழிக்க ஒரு பிள்ளை வேண்டும், அதற்கு யோகம் கலைய வேண்டும். போ என்கிறான் பிரமன். மாட்டேன் என்கிறான் காமன். சபித்துவிடுவேன் என்றதும், சரி, உன் சாபத்தில் அழிவதைவிட அவர் கண்ணில் பட்டு அழிவதே மேல் என்று கரும்பு வில்லும் ஐந்து பூவுமாகக் கிளம்புகிறான். அவனை அனுப்பியது லோக க்ஷேமத்துக்காக, அதுதான் இதில் எனக்கு உறைப்பது. ஆசை என்ன, திருடன் மாதிரி முகத்தை மூடிக்கொண்டா வருகிறது? எப்போதும் ஒரு நல்ல காரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வரும்.

எனக்கும் அப்படித்தான். கொஞ்ச நாளாக ஒரு மனை என் தலைக்குள் உட்கார்ந்திருந்தது, பிள்ளைகளின் பிற்காலத்துக்கு என்று காரணம் வேறு. சந்நிதியில் குருக்கள் தீபாராதனை காட்டுகிறார், கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன், மனசு அந்த இடத்தின் கிழக்கு எல்லையில் காம்பவுண்டுச் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறது. இவ்வளவுக்கும் அதை வாங்கக்கூட இல்லை. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் ஒரு வரிசை சொல்வான்: ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தால் பற்று, பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், கோபத்திலிருந்து மயக்கம், அப்புறம் நினைவு தடுமாறிப் புத்தி கெட்டு ஆளே நாசம். பார்த்தால் முதல் படி ஆசைகூட இல்லை, சும்மா நினைத்துக்கொண்டிருப்பதுதான். கோபம் எப்படி உள்ளே வருகிறது என்று முன்பு எனக்குப் புரியாது; அந்த மனையை வேறொருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று கேள்விப்பட்ட அன்று, முன்பின் தெரியாத அந்த மனிதர் மேல் எனக்கு வந்த எரிச்சல் புரியவைத்துவிட்டது.

பிராகாரத்தில் உட்கார்ந்ததும் சித்தப்பா லாவணிப் பேச்சை எடுத்தார். மராட்டியர் ஆட்சியோடு தஞ்சைச் சீமைக்கு வந்த பாட்டு அது. மாசி மாதம் காமன் பண்டிகையில் ஆமணக்கும் கரும்பும் நட்டு, கடைசியில் வைக்கோலும் வறட்டியும் வைத்துக் கொளுத்துவார்கள். அப்போது டேப் என்கிற தோல்வாத்தியத்தைத் தட்டிக்கொண்டு இரண்டு கட்சியாக விடிய விடிய வாதம் நடக்கும். காமன் எரிந்தான் என்பது ஒரு கட்சி, எரியவே இல்லை என்பது இன்னொரு கட்சி. சித்தப்பா சின்ன வயதிலிருந்தே எரியாத கட்சி. "எரிஞ்சிருந்தா ஊர்ல இத்தனை கல்யாணம் எப்படி நடக்குது, சொல்லு பாப்போம்" என்று சட்டமாகக் கேட்டார்.

நான் திருமூலரை இழுத்தேன். திருமந்திரத்தில் எட்டு வீரட்டத்தையும் பாடும்போது கொறுக்கைக்கு வந்ததும் அவர் நெற்றிக்கண்ணைப் பற்றியோ சாம்பலைப் பற்றியோ பேசுவதில்லை. மனதை இசைய இருத்தி, காமனின் செயலை அழித்து, யோகம் அமர்ந்த இடம் என்கிறார். காமன் இருந்துவிட்டுப் போகட்டும், அவன் வேலை இங்கே நடக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு இது சரியாகப் படுகிறது. ஏனென்றால் எரித்த அதே சிவன்தான் பிறகு பார்வதியைக் கைப்பிடிக்கிறார், ரதி அழுது கேட்டதும் காமனைத் திருப்பியும் கொடுக்கிறார், அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி. கல்யாணமே கூடாது என்று சொல்ல வந்த கதையாக இருந்தால் இப்படி முடியாது. உடம்போடு இருந்தவரை வில்லோடு வருகிறான் என்று பார்த்துச் சுதாரித்துக்கொள்ளலாம். இப்போது நமக்கு அந்த வசதியும் இல்லை.

"அப்ப நீயும் பாதி எரியாத கட்சிதான்" என்றார் சித்தப்பா. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் செல்போன் அடித்தது. மனைத் தரகர். கொடிமரத்தைத் தாண்டி வெளியே ஓடி வந்து எடுத்தேன். பார்ட்டி விலையில் கொஞ்சம் இறங்கி வருகிறாராம், இந்த வாரமே முன்பணம் கொடுத்துவிட முடியுமா என்றார். திரும்பினால் சித்தப்பா வாசல் படியில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு குறைக்கிறானாம்?"